புல்தரையில் சொதசொதப்பு: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஏன் போகவில்லை?

ஐப்பசியில் ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்த பிறகு புல்தரையில் தண்ணீர் தேங்கி நிற்பது குறை ஒன்றும் இல்லை. செம்மண் தரையில் சில மணி நேரம் நிற்கும். கரிசலில் ஒரு நாள்கூட நிற்கும். மழை விட்டு இரண்டு நாள் ஆன பிறகும் கால் வைத்த இடத்தில் தண்ணீர் ஊறி வருகிறதா? சுற்றிலும் காய்ந்து கிடக்க, ஒரு மூலை மட்டும் சொதசொதவென்று செருப்பை இழுக்கிறதா? அப்போதுதான் கவனிக்க வேண்டும்.

காரணம் எதுவானாலும் அது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். வரக்கூடாத தண்ணீர் அங்கே வருகிறது. அல்லது வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. முதல் வகையா இரண்டாவதா என்று தெரியாமல் செய்கிற எந்த வேலையும் வீண்செலவு. ஒரு டிப்பர் செம்மண்ணைக் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டிவிட்டு, அடுத்த மழையில் அதுவும் சேறாவதைப் பார்ப்பதுதான் வழக்கமாக நடப்பது.

ஈரம் அதிகமானால் புல்லுக்கு என்ன? வேர் மூச்சு விட வேண்டும். மண்துகள்களுக்கு இடையில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் சில நாளில் வேர் நுனி அழுகும், மண்ணில் இருக்கும் தழைச்சத்து வீணாகும், புல் வெளிறி மஞ்சளாகும். அதைப் பார்த்து யூரியா போடுபவர்கள் உண்டு. அழுகிய வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கைப்பிடி மண்ணைத் தோண்டி முகர்ந்து பாருங்கள். சாம்பல் நிறமாக, அழுகிய முட்டை வாடை அடித்தால் அங்கே காற்று இல்லாமல் நாளாகிவிட்டது. மேலே பாசி படர்வது, கோரை முளைப்பது, பொடுதலை தானாக வந்து பரவுவது எல்லாம் அதே சேதியைத்தான் சொல்கின்றன. கோரைக்குக் களைக்கொல்லி அடிப்பதற்கு முன் அது ஏன் அந்த இடத்தில் மட்டும் தழைக்கிறது என்று யோசிப்பது நல்லது.

ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். கொரியன் புல் போட்ட தரை சில வருடத்தில் மேடு மேடாகத் திரண்டு, மிதித்தால் மெத்தென்று அமுங்கும். அது தண்ணீர் அல்ல. பழைய தண்டும் வேரும் மக்காமல் பச்சைக்குக் கீழே சேர்ந்துபோன சருகு அடுக்கு. ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பாருங்கள். மண்ணுக்கும் பச்சைக்கும் நடுவில் பழுப்பு நிற நார் அரை இன்ச்சுக்கு மேல் இருந்தால், கம்பிப் பல் வாரியால் அழுத்தி வாரி எடுத்தால் போதும். வடிகால் வேலை எதுவும் தேவையில்லை.

சித்திரையிலும் ஈரமா?

காரணத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை. கத்திரி வெயில் காலத்திலும் அந்த இடம் காயவில்லை என்றால் மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே தண்ணீர் போகிறது.

முதலில் மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். மோட்டாரை அணைக்க மறந்து, நிரம்பி வழியும் குழாய் சுவரோரமாக இறங்கிப் புல்லில் கொட்டும் வீடுகள் ஏராளம். வழியும் தண்ணீர் கண்ணில் படாத பக்கத்தில் விழுந்தால் யாரும் கவனிப்பதே இல்லை. ஏசியின் தண்ணீர்க் குழாயும் அப்படித்தான்: சொட்டுச் சொட்டாகத்தான் விழும், ஆனால் இரவு முழுக்க ஒரே இடத்தில் விழும். இரண்டுக்கும் வைத்தியம் எளிது. தொட்டிக்குத் தானாக நிற்கும் சென்சார் ஒன்றை மாட்டுங்கள். ஏசிக் குழாயை ஒரு வாளிக்கோ வாழை மரத்தடிக்கோ திருப்பிவிடுங்கள்.

அடுத்து, புதைந்திருக்கும் குழாய். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மோட்டாரைப் போடாமல், எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் குச்சியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி அளந்தால், மட்டம் இறங்கியிருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் தொட்டியிலிருந்து வரும் ஏதோ ஒரு குழாய் கசிகிறது. கழிவறைத் தொட்டியின் வால்வும் இதில் அடக்கம், அதை முதலில் பார்த்துவிடுங்கள். மட்டம் அப்படியே இருந்தும் ஈரம் தொடர்ந்தால் மற்ற இரண்டு குழாய்கள் மிச்சம். மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் மட்டும் ஈரம் கூடினால் தெருவிலிருந்து சம்ப் வரை வரும் குழாய். மோட்டார் ஓடும்போது மட்டும் என்றால் போரிலிருந்து மேலே ஏறும் குழாய். இந்த இரண்டிலும் எப்போதும் அழுத்தம் இருக்காது என்பதால் கசிவு விட்டுவிட்டுத்தான் தெரியும்.

மூன்றாவது காரணத்தைப் பேச யாருக்கும் பிடிக்காது. புல் ஒரு வட்டத்தில் மட்டும் கரும்பச்சையாக மற்றதைவிட உயரமாக வளர்கிறது, அங்கே மண் கறுத்து வழுவழுப்பாக இருக்கிறது, சாயங்காலத்தில் லேசாக வாடை வருகிறது என்றால் செப்டிக் டேங்கோ அதன் உறிஞ்சு குழியோ நிரம்பிவிட்டது. அந்த இடத்தில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள், வெறும் கையால் தோண்டாதீர்கள். உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். அடைப்பு எடுக்க யாரையும் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், அதைவிட முக்கியமாக உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொன்றுவிடும்.

வயலை ஒட்டிய மனைகளில் இன்னொன்றும் உண்டு. பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மதுரை மாவட்டத்தில் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் நிலத்தடி நீர் நன்றாக மேலே வரும். கண்மாய் உள்வாயில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பரவி நிற்கும் பகுதியில், போட்ட மனைகளில் கண்மாய் பெருகும்போது இதே கதைதான். இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி மூடிவைத்து, மறுநாள் பாருங்கள். மழையே இல்லாமல் குழிக்குள் அடியிலிருந்து தண்ணீர் ஊறி நின்றால் அது நிலத்தடி நீர். அதை எந்த மணலாலும் விரட்ட முடியாது. தரையை உயர்த்தலாம், அல்லது அந்த இடத்துக்கு ஏற்ற செடியை வைக்கலாம்.

கடைசியாக, கை தாராளம்: நாமே தேவைக்கு மேல் தண்ணீர் விடுவது. 20-க்கு 30 அடி புல்தரை என்பது 600 சதுர அடி, ஏறத்தாழ 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் விட்டால் அது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மதுரைக் கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 280 லிட்டர். அதையும் தினமும் விடுவதற்குப் பதிலாக மூன்று நாளைக்கு ஒருமுறை 840 லிட்டராக விட்டால் வேர் ஆழமாகப் போகும், மேல்மண் இடையில் காயும். உங்கள் ஹோஸ் நிமிடத்துக்கு எவ்வளவு தருகிறது என்று 10 லிட்டர் வாளி வைத்துப் பாருங்கள். 40 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர். 840 லிட்டருக்கு 56 நிமிடம். கரிசலாக இருந்தால் அதை இரண்டாகப் பிரித்து, நடுவில் அரை மணி இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் பாதி வழிந்து பள்ளத்துக்குத்தான் போகும். மழை மாதங்களில் நாள்கணக்கு வேண்டாம். நடந்து போன பிறகு கால் தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

கூரையின் பங்கு

மழைக் காலத்தில் மட்டும் சொதசொதப்பு என்றால் முதல் சந்தேகம் மொட்டை மாடியின் மீது விழ வேண்டும். 1,000 சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிலிருந்து 4,650 லிட்டர் இறங்குகிறது. அதே மழையில் மேலே சொன்ன 600 சதுர அடிப் புல்தரையின் மீது நேராக விழுவது 2,800 லிட்டர்தான். மாடித் தண்ணீர் முழுதும் புல்லில் இறங்கினால் அந்தத் தரை தன் பங்கைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் குழாய் இறங்கும் இரண்டு இடத்தில் மட்டும். எந்த மண்ணாலும் இது ஆகாது.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆகவே பெரும்பாலான வீடுகளில் அதற்கென்று ஒரு குழி இருக்கும். பல வீடுகளில் அது மண் மூடி, அதன் மேலேயே புல் வளர்ந்திருக்கும்! சொதசொதப்பே அந்தக் குழி அடைபட்டதால் வந்ததாக இருக்கலாம். மூடியைக் கண்டுபிடித்துத் திறந்து, மேலே படிந்த வண்டலையும் மணலையும் அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட்டால் சில இடத்தில் வேலை அதோடு முடிந்தது. மாடிக் குழாயைக் குழிக்கோ சம்புக்கோ நேராக இணைத்துவிடுங்கள். மாடியைப் புரட்டாசிக்குள் ஒருமுறை கூட்டிச் சுத்தம் செய்தால் குழியில் சருகு சேராது.

மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்

மேலிருந்து வரும் தண்ணீரை எல்லாம் தடுத்த பிறகும் ஈரம் நின்றால்தான் மண்ணின் பக்கம் வர வேண்டும். ஒரு கூரான இரும்புக் கம்பியை, அல்லது நீளமான ஸ்க்ரூ டிரைவரை, ஈரமான நாளில் குத்திப் பாருங்கள். நல்ல மண்ணில் அரையடி சுலபமாக இறங்கும். மூன்று நான்கு இன்ச்சில் டக்கென்று நின்றால், பத்து இடத்தில் குத்தி எங்கே எல்லாம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் மட்டும் நின்றால் அது கொத்தனார் கலவை குழைத்த இடமாக இருக்க அதிக வாய்ப்பு. வீடு கட்டும்போது சிந்திய சிமெண்ட் கலவையும் உடைந்த செங்கல்லும் அங்கேயே இறுகி ஒரு பலகை போட்டதுபோல் ஆகிவிடும். வேலை முடிந்ததும் அதன் மேல் மண்ணை இழுத்துப் புல்லைப் போட்டுவிடுவார்கள். கடப்பாரையால் உடைத்து அள்ளி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நல்ல செய்தி, அது பொதுவாக நாலு, ஐந்து அடி அகலத்துக்கு மேல் இருக்காது.

எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் நின்றால் விஷயம் பெரிது. பள்ளமான மனையைக் கிராவல் அடித்து ஜேசிபியால் மிதித்திருப்பார்கள்.

அந்த மண் தண்ணீரைக் குடிக்குமா என்று தெரிய, இனி குழிச் சோதனை. ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீரை நிரப்பி வடிய விடுங்கள். இரண்டாவது முறை நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்து ஒரு மணி நேரம் கழித்து அளவெடுங்கள். முதல் முறை அளந்தால் காய்ந்த மண் உறிஞ்சுவதைத்தான் அளப்பீர்கள். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் அது முழுப் பொய் சொல்லும். மணிக்கு ஒரு இன்ச்சோ அதற்கு மேலோ இறங்கினால் மண் பரவாயில்லை, பள்ளத்தைச் சரிசெய்தால் போதும். அரை இன்ச்சுக்கும் குறைவு என்றால் உறிஞ்சு குழி வெட்டிப் பயனில்லை. தண்ணீரை வெளியே கொண்டுபோகத்தான் வேண்டும்.

குழியின் பக்கச் சுவரையும் பாருங்கள். மதுரைப் பக்கம் அடிக்கடி காண்பது: மேலே அரையடி செம்மண், கீழே கறுப்பாகக் கரிசலோ இறுகிய கிராவலோ. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்து மனைகளில் புல் போடும் ஆட்கள் இரண்டு லோடு செம்மண்ணை இறக்கிப் பரப்பி, அதன் மேல் கொரியன் புல் பாயை விரித்துவிட்டுப் போவார்கள். முதல் வருடம் அழகாக இருக்கும். மழைத் தண்ணீர் செம்மண்ணில் சட்டென்று இறங்கும், கரிசலைத் தொட்டதும் நிற்கும். பக்கவாட்டில் நகர்ந்து எது தாழ்வோ அங்கே சேரும். மேலே பார்த்தால் தரை சமமாக இருக்கும், அடியில் கரிசல் எங்கே பள்ளமோ அங்கே சொதசொதப்பு. இதற்கு மேலேயே மண் கொட்டினால் மேடு கூடுமே தவிர, அடியில் தேங்கும் நீர் அசையாது.

இதற்கு மாற்றாகச் சிலர் செய்வது, புல் போடும் முன் அடியில் ஒரு அடுக்கு ஜல்லி விரிப்பது. கேட்கச் சரியாகத்தான் இருக்கும்: ஜல்லிக்குள் தண்ணீர் ஓடிவிடும் அல்லவா? நடப்பது நேர்மாறு. நைசான மண் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். கீழே பெரிய இடைவெளி உள்ள ஜல்லி இருந்தால், மேல்மண் முழுக்க நனைந்து இனித் தாங்காது என்ற நிலை வரும் வரை ஒரு சொட்டும் கீழே இறங்காது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடித்துப் பாருங்கள். கீழே காற்றுதான் இருக்கிறது, ஆனாலும் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஜல்லி அடுக்கின் அடியில் தண்ணீர் வெளியேற ஒரு குழாய் இல்லை என்றால், வேரிருக்கும் மண்ணின் கனத்தைக் குறைத்து அதையே இன்னும் ஈரமாக வைத்திருக்கிறோம்.

புதிதாகப் புல் போடப் போகிறவர்கள் செய்ய வேண்டியது எளிது: அடி மண்ணையே முதலில் சரிவாக்கிவிட்டு, அதை அரையடி கொத்தி, கொண்டுவந்த செம்மண்ணில் முதல் இரண்டு இன்ச்சை அதோடு கலந்துவிட்டு, பிறகு மீதியைப் பரப்புங்கள். இரண்டு மண்ணும் பளிச்சென்று பிரிந்து நிற்காமல் இருப்பதுதான் தேவை.

பள்ளத்தைத் தூர்ப்பது

கண்ணால் பார்த்துச் சரிவு சொல்ல முடியாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: முப்பது அடிக் கண்ணாடி டியூப், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர், இரண்டு ஆள். வீட்டுச் சுவரோரம் ஒரு முனை, வெளியேறும் மூலையில் மறு முனை. இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; அங்கிருந்து தரை வரை அளந்தால் வரும் வித்தியாசம்தான் சரிவு. பத்து அடிக்கு ஒன்றேகால் இன்ச் முதல் இரண்டரை இன்ச் வரை சரிவு இருக்க வேண்டும். சரிவு வீட்டை நோக்கி இருந்தால் புல்லைவிட அஸ்திவாரம்தான் கவலை.

ஒரு இன்ச் வரையுள்ள பள்ளத்தை மேலிருந்தே நிரப்பலாம். ஒரு தடவைக்கு அரை இன்ச்சுக்கு மேல் போடாதீர்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும். புல் மேலே ஏறி வந்த பிறகு, மூன்று நான்கு வாரம் கழித்து, அடுத்த தடவை. பத்துக்குப் பத்தடி இடத்தை ஒரு இன்ச் உயர்த்த எட்டேகால் கன அடிக் கலவை, அதாவது சிமெண்ட் சாக்கு அளவில் ஏழு சாக்கு தேவை. அங்கே ஏற்கெனவே இருக்கும் மண்ணோடு ஒத்த மண் பாதி, மணல் பாதி, அதில் ஐந்தில் ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் சேர்த்தால் சரி. பள்ளம் இரண்டு இன்ச்சைத் தாண்டினால் மேலே கொட்டிப் புல்லைப் புதைக்காமல், ஓரடிச் சதுரங்களாக ஒன்றரை இன்ச் கனத்தில் புல்லை வெட்டி எடுத்து நிழலில் ஈரச் சாக்கில் வைத்து, பள்ளத்தைத் தூர்த்துக் காலால் மிதித்து, அன்றைக்கே திரும்பப் பதியுங்கள். நிரப்பிய மண் கொஞ்சம் அமுங்கும், அதற்காகக் கால் இன்ச் மேடாகவே விடலாம்.

மணல் என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. ஆற்று மணல் கிடைப்பது அரிது. கழுவிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) ஆகும். கிரஷர் டஸ்ட் ஆகவே ஆகாது. அதிலுள்ள மாவு நனைந்து காய்ந்தால் தரையில் தளம் போட்டது போல இறுகிவிடும். அதே போல் கரிசலில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்று நினைக்காதீர்கள். களிமண் மணலின் இடைவெளியை நிரப்பிக்கொண்டு முன்பைவிடக் கெட்டியாகும். குணம் மாற வேண்டுமானால் பாதிக்கு மேல் மணல் வேண்டும், அது யாருக்கும் கட்டுப்படியாகாது. கரிசலுக்கு மக்கிய தொழுவுரம்தான் மருந்து.

இறுகிய தரையை இளக்குவது

நடைபாதையாகிப்போன இடம், கார் ஏறி இறங்கும் ஓரம் போன்றவற்றில் மேல் மூன்று நான்கு இன்ச் மட்டும் இறுகியிருக்கும். பல் உள்ள மண்முள்ளை நாலு இன்ச் இடைவெளியில் அரையடி ஆழத்துக்குக் குத்தி, லேசாகப் பின்னால் சாய்த்து எடுத்தால் போதும். மண் பிசைந்தால் உதிரும் பதத்தில் இருக்க வேண்டும். சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவர் வழுவழுவென்று பூசிக்கொண்டு தண்ணீரை விடாது. குத்திய கையோடு சலித்த மக்கிய உரத்தைக் கால் இன்ச் கனத்தில் தூவித் துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளுங்கள். நூறு சதுர அடிக்கு இரண்டு கன அடி ஆகும். ஆனி, ஆடியில் செய்தால் மழைக்கு முன் புல் தேறிவிடும்.

ஜிப்சம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். அது எல்லாக் களிமண்ணையும் இளக்காது, சோடியம் மிகுந்த களர் மண்ணைத்தான் இளக்கும். சோதிக்க, காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு டம்ளர் மழைத் தண்ணீரில் மெதுவாக விட்டு, அசைக்காமல் சில மணி நேரம் வையுங்கள். கட்டி உடைந்து கீழே சரிந்தால் சாதாரணம். அதைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் சோடியம் இருக்கிறது. அப்போதும் மூட்டை வாங்கப் போகாமல் ஒரு மண் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அளவைக் கேட்டுப் போடுங்கள். மதுரை ஒத்தக்கடையில் யானைமலையை ஒட்டியுள்ள வேளாண்மைக் கல்லூரியில் விசாரிக்கலாம். ஜிப்சம் போட்டால் பிரிந்து வரும் உப்பைத் தண்ணீர் அடித்துக் கீழே கொண்டுபோக வேண்டும். வடிகாலே இல்லாத இடத்தில் போட்டால் உப்பு அங்கேயே கிடக்கும். உவர்ப்பான போர்த் தண்ணீரை மென்மையாக்கும் கருவியின் தண்ணீரைப் புல்லுக்கு விடுகிறவர்கள் தாங்களே சோடியத்தை ஊற்றுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாய்க்காலா, புதை குழாயா?

குழாய் புதைப்பதற்கு முன் ஒரு சின்ன வாய்க்காலை முயன்று பாருங்கள். மூன்றடி அகலம், நடுவில் நாலு இன்ச் ஆழம், இரு கரையும் மெல்லச் சரிந்து, மேலே அதே புல். பார்த்தால் வாய்க்கால் என்றே தெரியாது, புல் வெட்டும் இயந்திரமும் அதன் மீது ஓடும். மேலே ஓடும் தண்ணீரை வாசல் வரை கொண்டுபோக இதைவிட மலிவானது எதுவுமில்லை, அடைத்துக்கொள்ளவும் இதில் ஒன்றுமில்லை.

மண்ணுக்குள் நிற்கும் தண்ணீருக்குத்தான் துளைக் குழாய். முப்பது அடி நீளத்துக்குக் கணக்கு இது. ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம்; பத்து அடிக்கு ஒன்றேகால் இன்ச் இறக்கம். நான்கு இன்ச் பிவிசி குழாய் பத்தடித் துண்டுகள் மூன்று. 20 எம்எம் ஜல்லி சுமார் 27 கன அடி, ஒரு யூனிட்டில் (100 கன அடி) கால் பாகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணி நாலரை அடி அகலத்தில் முப்பது அடி. வெட்டும் முன் மின்வயரும் தண்ணீர்க் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

துணியை முதலில் பள்ளத்தில் விரித்து, இரண்டு இன்ச் ஜல்லி போட்டு, குழாயை வைத்து, மேலும் ஜல்லி நிரப்பி, மேலே அரையடி மிச்சம் வைத்துத் துணியை மடித்து மூட வேண்டும். குழாயில் அரையடிக்கு ஒன்றாக இரண்டு வரிசைத் துளைகள், எட்டு முதல் பத்து மில்லிமீட்டர், கீழ்ப்பக்கமாகப் பார்த்து. துளை மேலே இருந்தால்தானே தண்ணீர் உள்ளே விழும் என்று தோன்றும். ஆனால் பள்ளத்தில் தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறி வருகிறது. துளை மேலே இருந்தால் நாலு இன்ச் தண்ணீர் எப்போதும் பள்ளத்திலேயே கிடக்கும். துணிக்குப் பதிலாகப் பச்சை நிழல்வலையைப் போட்டு மிச்சம் பிடிப்பவர்களுக்கு இரண்டு மழையில் ஜல்லி முழுக்க வண்டல். மேல் அரையடியில் தோண்டிய கரிசலையே திரும்பப் போட்டு மிதித்தால் தண்ணீர் குழாயை எட்டவே செய்யாது. மணல் பாங்கான மண்தான் போட வேண்டும். மிகவும் சொதசொதப்பான இடத்தில் ஒரு கை அகலத்துக்கு ஜல்லியை மேல் வரை விட்டுவிடலாம். மேல் முனையில் ஒரு எல்போ (வளைவுத் துண்டு) வைத்துக் குழாயைத் தரைமட்டம் வரை எழுப்பி மூடி போட்டால் வருடத்துக்கு ஒருமுறை ஹோஸ் விட்டுக் கழுவலாம். கீழ் முனையில் கம்பி வலை, பெருச்சாளி புகாமல் இருக்க.

கீழ் முனை எங்கே திறக்கிறது என்பதில்தான் நகரத்து வீடுகள் மாட்டிக்கொள்ளும். தெருவுக்கு மேல் தெருவாகச் சாலை போட்டு, பழைய வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கும். அங்கே தண்ணீர் தானாக வெளியேறாது. பாதாளச் சாக்கடையில் இணைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அது மழைநீருக்கானது அல்ல, பெருமழையில் சாக்கடையே உங்கள் புல்லுக்குத் திரும்பி வரும். குழிச் சோதனையில் மண் நன்றாகக் குடித்திருந்தால் உறிஞ்சு குழி வெட்டலாம். மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறை ஐந்து இறக்கினால் ஐந்தடி ஆழம், ஏறத்தாழ 1,000 லிட்டர் பிடிக்கும். அடியில் சிமெண்ட் போடக் கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி, கரிசலில் இன்னும் தள்ளி. நனைந்து உப்பும் கரிசல் அஸ்திவாரத்தை அசைக்கும். மூடி இறுக்கமாக இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். மண்ணும் குடிக்கவில்லை, வெளியேறவும் வழியில்லை என்றால், அந்தக் குழியை அடிமூடிய தொட்டியாகக் கட்டி ஒரு சின்ன மோட்டாரைப் போட்டு இறைப்பது ஒன்றே மிச்சம். பராமரிப்பு உண்டு, மழை நேரத்தில் கரண்ட் போனால் தலைவலி உண்டு.

அல்லது அந்த மூலையில் புல்லை விட்டுவிடலாம். வீட்டின் வடக்குப் பக்கத்து நிழலில் கொரியனும் பெர்முடாவும் ஈரம் இல்லாவிட்டாலும் மெலிந்துதான் வளரும். அங்கே எவ்வளவு செலவழித்தாலும் மிஞ்சுவது பாசி. கல்வாழையும் சேம்பும் வெட்டிவேரும் ஈரத்தில் நன்றாக வரும். தரையோடு படர வல்லாரை போதும், அரை நிழல் அதற்குப் பிடிக்கும். ஆனால் செப்டிக் ஈரம் உள்ள இடத்தில் வளர்ந்ததைப் பறித்துத் துவையல் அரைக்க வேண்டாம். நடந்து போக வேண்டிய வழியில் இரண்டடிக்கு ஒன்றாகக் கடப்பைக் கல்லை மணல் மேல் பதித்துவிட்டால் மண் மேலும் இறுகாது. செடிகளுக்கு நடுவே தண்ணீர் ஐந்தாறு நாளுக்கு மேல் திறந்து நின்றால் கொசுப்புழு வந்துவிடும், அந்தக் குழியை மட்டும் மண் போட்டு மூடிவிடுங்கள்.